என் நம்பருக்குப் போன் போடாதே, மச்சான்

குமராட்சி,
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பிலும் கோபத்திலும் எங்கள் வீட்டுக்கு மூத்தவனான மச்சான் ராஜவேலுக்கு, உன் மாமா கலியபெருமாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா பவானியும் சுகம். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகள் இளமதிக்கு இந்த மாதம் முழுக்க இரவு வேலை. வீட்டுக்கு வந்தால்தான் பேச்சு, மற்றபடி அவளும் சுகம். பசு இரண்டும் சுகம். மோட்டார் தேவைக்கு மேல் சுகம். திருப்பூரில் நீயும் பிள்ளைகளும் அதேபோல இருக்கத் தில்லை நடராசரை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதம் கிடைத்த சந்தோஷத்தில் என் நம்பருக்குப் போன் போட்டுவிடாதே. அடுத்தது, நீ போன் போட்டபோதெல்லாம் எடுத்துத் தெலுங்கில் பேசிய அம்மாள் யார் என்று நீ மனதில் என்னென்ன நினைத்து வைத்திருக்கிறாயோ, அதையெல்லாம் இதைப் படித்து முடிக்கும்வரை ஓர் ஓரமாக வைத்திரு. உன் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து நான் ஒரு தெலுங்குப் படம்கூடப் பார்த்ததில்லை.

நடந்தது இதுதான். பழைய நெட்வொர்க்கை இந்த மாதத்தோடு மூடுகிறோம், உடனே புது சிம்முக்கும் புதுப் போனுக்கும் மாறுங்கள் என்று கம்பெனியிலிருந்து மெசேஜாக வந்து கொட்டியது. என் பட்டன் போன் ஓயாமல் கூவியதில் பசு பால் கறக்க விடவில்லை. பிறகு ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொன்னார்கள். பஸ் நிறுத்தத்தில் பெரிய குடையை விரித்து மேசை போட்டு இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் நம் ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி அன்றைக்கே இளைத்துப் போனார்கள். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த செல்லாயி, "ஏம்பா, பழைய நெட்டுவொர்க்குல என்கிட்ட பேசிக்கினு இருந்தவுங்கல்லாம் புதுசுலயும் பேசுவாங்களா?" என்று கேட்டாள். அந்தப் பையன், "பேசுவாங்கம்மா, நம்பர் மாறாது" என்றான். "அப்ப என் மருமவளும் பேசுவா. எனுக்கு வாணாம்" என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குப் போனை விட மோட்டார்தான் கவலை. நம் போர் மோட்டாரில் ஒரு பெட்டி மாட்டியிருப்பது உனக்குத் தெரியும். அதற்குள் ஒரு சிம் இருக்கும். வீட்டில் படுத்துக்கொண்டே அந்த நம்பருக்கு ஒரு போன் போட்டால் மோட்டார் ஓடும், மறுபடி போட்டால் நிற்கும். பழைய நெட்வொர்க் போனால் அந்தப் பெட்டிக்கும் காது கேட்காமல் போய்விடும் என்று எலக்ட்ரீஷியன் சார்லஸ் சொன்னான். ஆகவே எனக்கு ஒரு புதுப் பட்டன் போன், மோட்டாருக்கு ஒரு புதுப் பெட்டி, ஆளுக்கொரு புது சிம் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினோம். பழைய பெட்டி வாய் பேசாது. சார்லஸ் வாங்கி வந்த புதுப் பெட்டி பேசும், ஆனால் ஆந்திராவுக்குச் செய்த சரக்காம், தெலுங்குதான் பேசும். "விலை கம்மி மாமா, நாம என்ன அதுகூடக் கதையா பேசப் போறோம்?" என்றான் சார்லஸ். மாட்டி முடித்து, இன்ன நம்பரிலிருந்து வந்தால்தான் ஓட வேண்டும் என்று பதிகிற வேலையை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு, "வேளாங்கண்ணி கொடியேத்தம், நடந்து போறோம், வந்து பாத்துக்கிறேன்" என்று காவி வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்று மாலையிலிருந்து என் போன் செத்த பிணமாகக் கிடந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. நான் யாரைக் கூப்பிட்டாலும் கணக்கில் பணம் இல்லை என்று ஒரு பெண் தமிழில் சொன்னாள் (இந்தப் பெண் கம்பெனிப் பெண்; தெலுங்கு அம்மாளோடு குழப்பிக்கொள்ளாதே). போன வாரம்தானே ரீசார்ஜ் செய்தேன் என்று பஸ் நிறுத்தத்துக்குப் போனால் குடையையே காணோம். சரி, நம் பக்கம் மட்டும் முன்கூட்டியே மூடிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். உன் அக்காவோ வேறு மாதிரி நினைத்தாள். மேல்பட்டாம்பாக்கம் சிங்காரம் வீட்டிலிருந்து அவர் மகன் சிலம்பரசனுக்கு இளமதியைக் கேட்டு வந்தபோது, தாய்மாமன் உன்னைக் கலந்துகொள்ளாமல் நான் வாயைத் திறந்து "பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டேன் இல்லையா, அதற்குத்தான் நீ கோபித்துக்கொண்டு போன் போடாமல் இருக்கிறாய் என்று முடிவே கட்டிவிட்டாள். "எந்தம்பி தெனமும் காலையில போடுவான். இப்ப ஒரு போன் இல்ல. உங்க வாயால வந்தது" என்று அடுப்படியில் நின்று கண்ணைத் துடைப்பாள். கோவிந்தசாமி வீட்டுப் போனிலாவது பேசேன் என்றால், "அவன் போடட்டும், நான் ஏன் போடணும்?" என்பாள். சிங்காரம் வீட்டிலிருந்தும் ஒரு தகவலும் இல்லை. மாப்பிள்ளை வீடு கை நழுவியது, மச்சானும் கை நழுவினான் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில் மோட்டார் வேறு தன் இஷ்டத்துக்கு ஆட ஆரம்பித்தது. நான் கையால் போட்டுவிட்டு வரப்பில் பாதி தூரம் வருவதற்குள் நின்றுவிடும். நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் கரண்ட் வந்தவுடன் தவறாமல் ஒரு தடவை தானாகவே ஓடும், அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் ஓடும். பக்கத்து வயல் கோவிந்தசாமி அப்போதுதான் சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டிருந்தார். என் வயல் நிரம்பி வழிந்து, அவர் விதைத்த முளை நெல்லெல்லாம் மிதந்து ஒரு மூலையில் போய் ஒதுங்கிவிட்டது. மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"யோவ் கலியபெருமாளு, நேத்து வெதச்ச வெதய்யா! வேணும்னே தொறந்து வுட்டியா?"

"நான் தொறக்கல கோவிந்தசாமி. அது தானா ஓடுது."

"தானா ஓடுதா? அப்ப தானா நாத்தும் நட்டுக்குமா?"

மோட்டார் கொட்டகைக்குக் காவல் இருந்து பார்த்தேன். என் கண்ணெதிரே, யாரும் தொடாமல், குபுக்கென்று தண்ணீர் கொட்டியது. பெட்டி ஏதோ முணுமுணுத்தது. உன் மாமன் பயப்படுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் அன்று செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இப்படி இருக்கும்போது போன வியாழக்கிழமை சிங்காரம் ஒற்றை ஆளாகச் சிதம்பரத்தில் மினி பஸ் பிடித்து நம் ஊரில் வந்து இறங்கியிருக்கிறார். இறங்கியவர் நம் வீட்டுக்கு வரவில்லை. நேராக டீக்கடைக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் மெதுவாக, "இந்த ஊர்ல கலியபெருமாள்னு ஒருத்தரு, ஆளு எப்டிங்க?" என்று விசாரித்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? கோவிந்தசாமி. என்மேல் கொலைவெறியில் இருந்த கோவிந்தசாமி. சிங்காரம் இன்னும் குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காதீங்க. பொண்ணு எடுக்கற எடம். அவுரு நம்பருக்குப் போட்டா ஒரு தெலுங்குப் பொம்பள எடுக்குது. 'அயிந்தி'ங்குது, வெச்சிடுது. எப்ப போட்டாலும் அதேதான். அவுருக்கு வேற எதுனா குடும்பம் கிடும்பம்..." என்று இழுத்திருக்கிறார்.

மச்சான், அந்த நேரத்தில் கோவிந்தசாமி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லியிருந்தால் உன் அக்கா மகள் கல்யாணம் அந்த டீக்கடையிலேயே முடிந்திருக்கும். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாராம்: "ஆளு சண்டைக்காரன். தண்ணி வெவகாரத்துல ரொம்ப மோசம். என் நாத்தங்கால அழிச்சிட்டு அது தானா ஓடுச்சுங்கிறான். ஆனா பொம்பள வெவகாரமெல்லாம் அவனால ஆவாதுங்க. அந்த அளவுக்கு அவனுக்குச் சாமர்த்தியம் பத்தாது." எனக்கு இவ்வளவு நல்ல சர்டிபிகேட் வேறு யாரும் கொடுத்ததில்லை. சொன்னதோடு நில்லாமல், "வாங்க, மூஞ்சிக்கு நேரா கேட்டுடலாம்" என்று அவரை வயலுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் மண்வெட்டியோடு வடிகால் வெட்டிக்கொண்டு, தலை முதல் கால் வரை சேறாக நின்றேன். உன் அக்கா கூழ் எடுத்துக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தாள். சம்பந்தம் பேச வந்த மனிதர் முன்னால் இந்தக் கோலத்தில் நிற்கிறோமே என்று நான் மண்வெட்டியை ஒளிக்கப் பார்க்கிறேன், அவரோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நீங்களே கேளுங்க" என்று போனை எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, என் நம்பரைப் போட்டார். என் மடியில் இருந்த போன் கம்மென்று இருந்தது. அவர் போனில் ஒரு பெண் குரல் கணீரென்று ஏதோ சொல்லி, "அயிந்தி" என்று முடித்தது. உன் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள் பார், அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் குபுகுபுவென்று மோட்டார் ஓடி, குழாய் வாய்க்கு நேராக நின்ற சிங்காரத்தின் வெள்ளை வேட்டி இடுப்பு வரை நனைந்துவிட்டது.

உன் அக்காதான் சட்டியை வரப்பில் வைத்துவிட்டு மெல்லக் கொட்டகைப் பக்கம் போனாள். பெட்டிக்கு நேராகக் காதை வைத்தாள். "இன்னொரு வாட்டி போடுங்க சம்பந்தி" என்றாள். அவர் போட்டார். மோட்டார் நின்றது. "இன்னொரு வாட்டி." ஓடியது. போனில் பேசிய குரலும் பெட்டியில் பேசிய குரலும் ஒன்றாகக் கேட்டன. 'அயிந்தி' என்றால் தெலுங்கில் 'ஆயிற்று' என்று அர்த்தமாம். அவள் என் பக்கம் திரும்பி, "ரெண்டு சிம்மும் ஒரே மாதிரி கவர்ல இருந்துச்சே, சார்லஸுகிட்ட எதக் குடுத்தீங்க?" என்று கேட்டாள். நான் சட்டைப் பையில் இரண்டையும் ஒன்றாகத்தான் போட்டிருந்தேன். என் சிம் மோட்டாருக்குப் போய்விட்டது. மோட்டாரின் சிம், வரும் போனுக்கு மட்டும் காசு கட்டிய சிம், என் போனுக்குள் வந்துவிட்டது.

முதலில் கோவிந்தசாமிதான் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு சிங்காரம் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, "ஏங்க, நான் என் பொண்டாட்டிகிட்ட என்னன்னு சொல்லுவேன்? தெனமும் நாலு வாட்டி போட்டேன். இந்த வயலுக்குப் பூரா தண்ணி பாய்ச்சுனது நான்தானா?" என்று கேட்டார். உன் அக்கா பதற்றத்தில் சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டதை அவர் கவனிக்காமல் இல்லை. கூழ் குடித்து முடித்ததும், "சம்பந்தின்னு கூப்ட்டாச்சு. இனிமே மாத்திக் கூப்டுறது நல்லா இருக்காது" என்றார். உன் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். நான் சேற்றுக் கையோடு அவர் கையைப் பிடித்துவிட்டேன். இப்போது அவர் சட்டையும் போச்சு.

அன்று மாலை கோவிந்தசாமி இன்னொன்றும் சொன்னார். நீ அவருக்குப் போன் போட்டு, "மாமா வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?" என்று கேட்டாயாம். அவர் கோபத்தில் "ஜாஸ்தியாவே நல்லா இருக்கான்" என்று வைத்துவிட்டாராம். அப்போதுதான் புரிந்தது, காலையில் கரண்ட் வந்தவுடன் ஓடிய மோட்டார் நீ அக்காவுக்குப் போட்ட போன் என்று. உன் அக்காவுக்கு இதைச் சொன்னதும் வயலுக்கு ஓடிப்போய்த் தேங்கி நின்ற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எந்தம்பி போட்டுக்கினுதான் இருந்திருக்கான்" என்றாள். வடிகாலை அன்று என்னை வெட்டவிடவில்லை. ஆனால் நான் மட்டும் வேறு கணக்குப் போட்டேன். நீயும் அந்தக் குரலைக் கேட்டிருப்பாய், சிங்காரத்துக்கு வந்த சந்தேகம் உனக்கும் வந்திருக்கும், அதனால்தான் கோவிந்தசாமியிடம் விசாரித்திருக்கிறாய். ஆகவேதான் இந்த விளக்கம். சத்தியமாக அது பெட்டி.

கோவிந்தசாமிக்கு, மேட்டு வயலில் முன்பே விட்டிருந்த என் நாற்றில் பாதியைத் தருவதாகச் சொன்னதில் அவரும் சமாதானமாகிவிட்டார். பெட்டியை நானே திறந்து சிம்மை மாற்றுகிறேன் என்றேன், கரண்டில் கை வைக்க உன் அக்கா விடவில்லை. சார்லஸ் திருவிழா முடிந்து வந்துதான் மாற்ற வேண்டும். அதுவரை என்னிடம் பேச வேண்டியதையெல்லாம் மோட்டாரிடம் பேசாதே. ஆவணி கடைசி முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம். தாய்மாமன் நீ வந்து முன்னால் உட்கார்ந்தால்தான் தட்டு மாற்றுவோம். இதைப் போனில் சொல்வது மரியாதை இல்லை என்பதால்தான் கடிதம். உன் அக்காவிடமும் போனில் வாயைத் திறக்காதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

உன் வீட்டாருக்கு என் ஆசிகள், பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் குடும்பம் வாழையடி வாழையாகத் தழைக்கட்டும், உங்கள் பக்கம் நெட்வொர்க் மாறும்போது சிம் மாறாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
கலியபெருமாள்.

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் உன் அக்கா கோவிந்தசாமி வீட்டிலிருந்து வருகிறாள். நாற்றுக்கட்டு கொடுக்கப் போனவள் அவர் போனில் உன்னோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டாளாம். நிச்சயதார்த்தம் வரைக்கும் எல்லாம் சொல்லியாகிவிட்டதாம். அது போகட்டும். அந்தக் குரலைக் கேட்டு, நெட்வொர்க்கை மூடுவதைத்தான் கம்பெனியில் ஏதோ பாஷையில் சொல்கிறார்கள் என்று நீ நினைத்தாயாமே? என்மேல் உனக்குச் சந்தேகமே வரவில்லையாமே? இதை முன்னாலேயே சொல்லக் கூடாதா? இப்போது அவள் இந்தக் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்துவிட்டு, "யாருமே கேக்காத கேள்விக்கு இவ்ளோ நீளமா ஏன் பதிலு எழுதுறீங்க?" என்று கேட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நகர மாட்டேன் என்கிறாள். மச்சான், ரொம்ப அவசரம். கோவிந்தசாமி நம்பருக்கு உடனே ஒரு போன் போடு.