வேலியோர வைத்தியரும் வீங்கிய கோழியும்

வேலியோர வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு. பட்டம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, கட்டணமும் கிடையாது. அடுத்த வீட்டில் யாராவது "ஐயோ" என்பதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் வேலிக்கு மேலே ஒரு தலை முளைக்கும், அவ்வளவுதான். நோயாளி மனிதரோ நாயோ ஆப்பிள் மரமோ அடைத்துக்கொண்ட குழாயோ, அவருக்கு எல்லாம் ஒன்று. "எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று ஆரம்பிப்பார். குழாய்க்குமா? குழாய்க்கும்தான்.

ஆர்ஹூஸ் நகரத்து ஓரத்தில், ஆளுக்கொரு துண்டு நிலமும் ஒரு மரக்குடிலும் ஒரு கொடிக்கம்பமுமாக இருக்கும் தோட்டக் காலனியில், இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி டோர்கில். கப்பலில் இயந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்துத் தோட்டம் வீபெகெயுடையது. அவளிடம் நான்கு கோழிகள். அதில் போலெத்தா என்ற பழுப்புக் கோழி மட்டும் தனி. வீபெகெயின் புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன வசந்தத்தில், யாரும் கூப்பிடாமல் அவள் மடியில் வந்து உட்கார்ந்த ஒரே உயிர் அது.

ஆகஸ்ட் கடைசி. மரத்தடியில் பிளம் பழங்கள் அழுகிக் கிடக்க, குளவிகள் போதையில் உருண்டுகொண்டிருந்தன. போலெத்தா ஒரு பழத்தைக் கொத்தியது. பழத்துக்குள் இருந்தவர் திருப்பிக் கொத்தினார். பத்தே நிமிடத்தில் கோழியின் முகம் அடுப்பில் வைத்த பன் மாதிரி உப்பி, ஒரு கண் காணாமல் போயிற்று. வீபெகெ "ஐ" என்றாள். வேலிக்கு மேலே தலை.

"முதல்ல காபி போடும்மா" என்றார் டோர்கில். "பதட்டத்துல வைத்தியம் பண்ணக் கூடாது."

அவள் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டாள். வரிசையில் ஆறாவது ஆள் என்று ஓர் இயந்திரக் குரல் சொன்னது. அவள் முறை வருவதற்குள் டோர்கில் தன் கப்பல் வாழ்க்கையில் வீங்கிய உதடுகளின் வரலாற்றைச் சொல்லி, வினிகரைச் சிபாரிசு செய்து, தான் மகரந்தத் தும்மலுக்குப் போடும் மாத்திரையில் பாதியைத் தர முன்வந்து, அவள் முறைத்ததும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடைசியில் காபிக்கு வந்த சர்க்கரைக் கட்டியை நனைத்துக் கோழியின் கன்னத்தில் ஒட்ட வைத்துவிட்டார். குளவிக் கடிக்கு அதுதானே அந்த ஊரில் எல்லா அம்மாக்களும் செய்வது? ஆகஸ்டில், பிளம் மரத்தடியில், கோழி முகத்தில் சர்க்கரை. இன்னும் மூன்று குளவிகள் வந்தன.

வீபெகெ கோழியைத் துண்டில் சுருட்டிக்கொண்டு குடிலுக்குள் ஓடினாள். அப்போதுதான் மருத்துவர் கிடைத்தார். "குளவின்னா கொடுக்கு உள்ள இருக்காது, தேடாதீங்க. முகத்தைத் துடைச்சிட்டு, ஈரத் துணியைச் சில்லுன்னு வைங்க. இருட்டான பெட்டி, பக்கத்துல தண்ணி. வாயைத் திறந்து மூச்சு வாங்கினா அந்த நிமிஷமே கொண்டு வாங்க. மனுஷங்க மாத்திரை வேண்டாம்" என்றவர், சற்று நிறுத்திக் கேட்டார்: "பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இருக்காரு."

"அவரை வெளிய அனுப்பிடுங்க."

அவள் பெட்டிக்கு அருகில் தரையில் உட்கார்ந்து மூச்சை எண்ண ஆரம்பித்தாள். வெளியே அனுப்பப்பட்டவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மூடிய பெட்டி, குனிந்த தலை. முடிந்துவிட்டது என்று தீர்மானித்தார். இரக்கமில்லாதவரா அவர்? நேராகப் போய், சாவு விழுந்த வீட்டில் அந்த ஊரில் செய்வதுபோல், வீபெகெயின் கம்பத்தில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார். முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகு பாதிக்கு இறக்கும் முறையில்கூடப் பிழை இல்லை. உயிர் போகவில்லை என்பது ஒன்றுதான் பிழை.

அரைக்கம்பத்தைக் கண்ட காலனி சும்மா இருக்குமா? கால் மணி நேரத்தில் ஒசே பழுப்புச் சர்க்கரை உருக்கி ஊற்றிய கேக்கோடு வந்தாள். பின்னாலேயே பிரேபென், தன் நாயோடும் பாதி வாடிய டேலியாப் பூக்களோடும். "அம்மாவா?" என்று தணிந்த குரலில் கேட்டாள் ஒசே.

"கோழி. இன்னும் சாகல."

ஏமாந்து திரும்பினார்களா? முகங்கள் மலர்ந்தன. ஒசே பாதி வெங்காயம் கேட்டாள். பிரேபென் தயிர் என்றார். டோர்கில் இருவரையும் பொறுமையில்லாமல் பார்த்தார். கைராசி இல்லாதவர்கள் வைத்தியத்தில் தலையிடுவது அவருக்குப் பிடிக்காது. வீபெகெ கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஒரு மணி நேரம் யாரும் எதுவும் செய்யவில்லை. அந்தக் கோழிக்குக் கிடைத்த முதல் நல்ல சிகிச்சை அதுதான்.

பிறகு பெட்டிக்குள் தட்டும் சத்தம். கன்னம் பாதி வற்றியிருந்தது, கண் ஒரு கீற்றாகத் திறந்திருந்தது. கதவு திறந்ததும் போலெத்தா துக்கம் கேட்க வந்தவர்களைத் தாண்டி நடந்து கேக்கைக் கொத்தியது. வீபெகெ வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள்.

டோர்கில் கொடியை உச்சிக்கு ஏற்றினார். "சர்க்கரை கொஞ்சம் மெதுவாத்தான் வேலை செய்யும்மா. ஆனா செய்யும்."

"அந்த மூணு குளவியும் அதைத்தான் சொல்லிச்சு" என்றாள் துண்டுக்குள்ளிருந்து.

அடுத்த வாரம் பிரேபெனின் நாய் மூக்கில் தேனீ கொட்டியது. நாய் இரண்டாம் முறை கத்துவதற்குள் அந்த வேலிக்கு மேலே ஒரு தலை, கையில் ஈரத் துணி. "எங்க போலெத்தாவுக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றாள் வீபெகெ.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் குளவி கொட்டியது என்று படித்த உடனேயே, "அடடா, கொஞ்சம் சுண்ணாம்பு தடவியிருக்கலாமே" என்று நினைத்தது யார்?