சார்ஜர் அண்ணையின் தானம்

மொன்றியல் குளிரில் பற்றரியைக் கைக்கடியில் கமக்கட்டுக்குள் வைத்து அடைகாத்த ஒரே தமிழன் எங்கள் சார்ஜர் அண்ணைதான். வேறு யாராவது இருந்தால் வரச்சொல்லுங்கள், காலில் விழுகிறேன்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் கட்டடத்தில்தான் அவரும் இருந்தார். துறைமுகப் பக்கம் பண்டசாலை வேலை. அவருடைய தம்பி சிகரெட் பிடித்தே நெஞ்சு பழுதாகி, கடைசியில் வேப்பு என்கிற மின்சிகரெட்டுக்கு மாறி, பயனில்லாமல் செத்துப்போனான். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குச் செத்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது எங்கள் வழக்கம். அண்ணை ஆட்டிறைச்சியோடு தம்பி விட்டுப்போன வேப்புகளையும் அதற்குள் ஊற்றுகிற மருந்துப் போத்தல்களையும் படைத்தார். அதோடு நிறுத்தினாரா? படைத்ததை இல்லாதவனுக்குக் கொடுக்கவேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார்.

மெட்ரோ வாசலில் ஜில் என்று ஒரு வீடற்றவன் படுத்திருந்தான். தம்பியின் வயதுதான் இருக்கும். மற்றவர்கள் எறிந்த சிகரெட் துண்டுகளைப் பனிச்சேற்றில் பொறுக்கிப் பிடித்துவிட்டு, நெஞ்சு கிழிய இருமுவான்.

"இனி இவனைத் துண்டு பொறுக்க விடமாட்டன், பார்," என்று ஒரு வேப்பை அவன் கையில் வைத்தார் அண்ணை.

"அதுக்கு அவன் எங்க சார்ஜ் போடுறது?" என்று கேட்டேன்.

"கோப்பிக் கடையில செருகுவான்."

கோப்பிக் கடைக்காரி ஜில்லைக் கதவோடு திருப்பிவிட்டாள். தங்குமடத்தில், தீப்பிடிக்கும் என்று வேப்பை வாசலிலேயே வாங்கி வைத்தார்கள். செருகுவதற்கு ஒரு சுவர் வேண்டும். சுவர் இருந்தால் அவன் ஏனையா வாசலில் படுக்கிறான்? தானம் கொடுக்கிற எங்கள் மண்டையில் இது ஏறுவதேயில்லை.

அண்ணை விட்டாரா? கட்டடத்து லோண்டரியில் உடுப்புக்கூடைக்குள் ஒளித்துச் சார்ஜ் போட்டு, பிடிபட்டு, நல்ல ஏச்சு வாங்கினார். பிறகு வீட்டில் சார்ஜ் போட்டு, குளிரில் பற்றரி செத்துவிடுமென்று கமக்கட்டுக்குள் வைத்துப்போய், தினமும் காலையில் மாற்றிக் கொடுத்தார். ஒருநாள் போத்தல் கசிந்து, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனாள்.

எங்கள் ஆட்களின் வாய் சும்மா கிடக்குமா? கோயிலில் ஒருவர் அண்ணையை மறித்துக் கேட்டார்:

"நஞ்சைத் தானம் குடுக்கிறியாம்?"

"ஓம். நீங்கள் அவனுக்கு என்ன குடுத்தனீங்கள்?"

கேட்டவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு அன்னதான வரிசைக்கு நடந்தார்.

ஜில் துண்டு பொறுக்குவதை விட்டிருந்தான். அது யாருக்குப் பொறுக்கவில்லையோ, முறைப்பாடு போய், வாசலில் படுத்தவர்களையெல்லாம் கலைத்துவிட்டார்கள். வாசல் சுத்தமாகிவிட்டதாம். கொஞ்ச நாளில் வேறொரு மெட்ரோ வாசலில் அவனைக் கண்டு, அண்ணையிடம் சொன்னேன். வேலைக்குப் போக நின்ற மனிதர் அப்படியே திரும்பி என்னோடு வந்தார்.

ஜில்லின் வாயில் சிகரெட் துண்டு புகைந்துகொண்டிருந்தது. அண்ணையைக் கண்டதும் திடுக்கிட்டு, துண்டைக் கைக்குள் பொத்தி முதுகுக்குப் பின்னால் மறைத்தான். தமையனைக் கண்ட தம்பிமார் செய்கிற அதே வேலை. பிரெஞ்சுக்காரனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

"கை சுடப்போகுதடா, எறி," என்று தமிழிலேயே அதட்டினார் அண்ணை. அவன் எறிந்தான். அண்ணையின் கண்ணால் கண்ணீர் ஓடியது.

எனக்கு அண்ணன் இல்லை. அன்றைக்குத்தான் அது ஒரு குறையாகப் பட்டது.