எதிர்வீட்டுப் பிணம்

துப்பறியும் கணவர் என்றொரு இனம் உண்டு, பார்த்திருக்கிறீர்களா? லண்டனில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். வாரப் பத்திரிகையில் பாழடைந்த மாளிகை, ரத்தக் கறை, சொத்துக்காக மாமனைத் தீர்த்துக்கட்டிய மருமகன் என்று மூச்சுவிடாமல் படித்துவிட்டு, பால்காரன் பூட்ஸில் சேறிருந்தால் கல்லறைத் தோட்டத்திலிருந்து வருகிறான் என்றும், பாதிரியார் தும்மினால் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றும் கண்டுபிடித்துச் சொல்வார். தன் மூக்குக்கண்ணாடி தன் நெற்றியில் இருப்பதை மட்டும் மனைவிதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஹொரேஸ் பிங்கட் இந்த இனத்தின் அசல் வித்து. அந்த ஆகஸ்டில் அவருக்கொரு சங்கடம். ஆகஸ்ட் வந்தால் கௌரவமான குடும்பம் கடற்கரை ஊருக்குப் போயே ஆகவேண்டுமே! வசதியில்லை. ஆகவே, "பிரைட்டன் போறோம்" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு, முன்பக்கத் திரைகளை இறக்கி, பின்கட்டுச் சமையலறையில் குடும்பத்தோடு பதுங்கிவிட்டார். வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறும். மகளுக்குத் தெருக்கோடி வீட்டில் பேசியிருக்கும் சம்பந்தமும் அதே கப்பலில் ஏறிவிடும்.

பதுங்கினவர் சும்மா இருந்தாரா? திரை இடுக்கில் கண்ணை வைத்தார். எதிரே க்ரம்ப் வீடு. அவர்களும் மார்கேட் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். ஆனால் ஒரு மழைச் சாயங்காலம், இடி இடிக்க, பூட்டிய அந்த வீட்டுக்குள் மெழுகுவத்தி ஒன்று நடந்தது! அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளை அங்கியில் திருவாளர் க்ரம்ப். பிணத்துக்குக் கட்டுவதுபோல் தாடையைச் சுற்றித் துணிக்கட்டு. கூடவே ஒரு முனகல்.

"லெட்டி! க்ரம்ப்பைக் கொன்னுட்டாங்கடி! ஆவி உலாத்துது!" என்று மனைவியிடம் ஓடினார்.

"ஆவியாவது கீவியாவது! சும்மா கிடங்க. நாம பிரைட்டன்ல இருக்கோம்!"

"இங்க கொலை நடந்திருக்கு, பிரைட்டனாம் பிரைட்டன்!"

நடுத்தெருவில் நின்று அவர் போட்ட கூச்சலில் கான்ஸ்டபிள் வந்தார், தெருவே வந்தது. கதவை உடைத்தார்கள். சமையலறையில் கருவாட்டுத் தட்டோடு திருமதி க்ரம்ப். பக்கத்தில் பல்வலியில் கன்னம் வீங்கிய க்ரம்ப். மார்கேட்டில் இருப்பவர் லண்டன் பல்வைத்தியரிடம் எப்படிப் போவார், பாவம்?

அந்த அம்மாள் அவமானம் தாங்காமல் அழுதேவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிங்கட்டின் காலைப் பார்த்தாள்.

"ஆமா மிஸ்டர் பிங்கட், பிரைட்டன்லேர்ந்து வீட்டுச் செருப்போடயேவா வந்தீங்க?"

கூட்டத்தின் முன்வரிசையில், குடையும் கையுமாக, சம்பந்தியம்மாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். எதிர்வீட்டில் மூன்று நாளாக ஏன் விளக்கெரியவில்லை என்று உங்களுக்கும் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்குமே! விசாரிக்கக் கிளம்புமுன் காலில் என்ன செருப்பு என்று மட்டும் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.