டாக்டரிடம் சொல்லாத பாதி மாத்திரை

புக்கிட் பாத்தோக்
18.5.1986

மதிப்புக்குரிய பெரிய மச்சான் சூசைநாதன் அவர்களுக்கு,

இஞ்ஞாசி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், என் சர்க்கரையைத் தவிர. மார்சிலிங்கில் அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே.

நேற்று ஆஸ்பத்திரியில் கூட்டம். அடுத்து எதை ஆராய்ச்சி செய்வது என்று சர்க்கரை நோயாளிகளையே கேட்டு முடிவு செய்யப் போகிறார்களாம். பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். உங்கள் தங்கை அல்போன்சம்மாளும் துணைக்கு வந்தாள். டாக்டர் பலகையில் இரண்டு மாத்திரைகளின் பெயரை எழுதி, எது மேல் என்று மூன்று வருஷம் ஆராயப் போவதாகச் சொல்லி, "இப்ப குடுக்கிற மாத்திரை எப்படி இருக்கு?" என்று கேட்டார். "ரொம்ப நல்லா இருக்கு டாக்டர்" என்றார் பக்கத்து நாற்காலி நோயாளி மருதப்பன். "ஓகே லா டாக்டர்" என்றாள் இன்னொரு நோயாளி ரஷீதா. அரை மணி நேரத்துக்கு முன் வெளியே பெஞ்சில் இதே மருதப்பன், முழுசாகப் போட்டால் கை உதறுகிறது என்று பாதியைக் குப்பையில் போடுவதாகச் சொன்னார். ரஷீதா தொடுவதே இல்லையாம். நானோ சாங்கி சரக்குக் கூடத்தில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் மாத்திரை போட்டால் வேர்த்துக் கண் இருட்டும். போன மாதம் அப்படித்தான் ஒரு பெட்டியை, கூட வேலை செய்யும் அஹமது கபீரின் காலுக்கு ஒரு சாண் தள்ளி இறக்கினேன். அன்றிலிருந்து நானும் பாதிதான். விழுங்காத மாத்திரையை ஆராய்ந்து யாருக்கு என்ன பிரயோசனம்? ஆனால் வாயைத் திறந்தால் என் லைசென்ஸ் போகும், வேலையும் போகும்.

"அப்ப முடிச்சிடலாமா?" என்று டாக்டர் பேப்பர்களை அடுக்கத் தொடங்கினார். மச்சான், நான் எழுந்துவிட்டேன். "டாக்டர், யாரும் இதை நீங்க சொன்னபடி போடறதில்ல. நேரத்துக்குச் சாப்பிட முடியாதவங்க இதை எப்படிப் போடணும்னு முதல்ல கண்டுபிடிங்க" என்றேன். டாக்டர் முகம் சிவந்து, "வேற யார் சொன்னபடி போடறதில்ல?" என்று கேட்டார். ஒவ்வொன்றாக, என் கையோடு சேர்த்துப் பதினொரு கை எழுந்தது. மீதி ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் பலகையை அழித்து, என் கேள்வியை முதலில் எழுதினார்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. மாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

அன்புள்ள,
இஞ்ஞாசி

பி.கு.: இதைப் படித்த அல்போன்சம்மாள், உண்மையை எழுதும்வரை தபால்தலையைத் தர மறுக்கிறாள். நானும் "நல்லா இருக்கு டாக்டர்" என்றுதான் சொன்னேன். எழுந்து, "எங்க வீட்டுக்காரர் பொய் சொல்றார் டாக்டர்" என்று ஆரம்பித்து அந்தக் கேள்வியைக் கேட்டது அவள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் தூங்கவில்லை. கை தூக்காத ஆள் நான்தான். லைசென்ஸ் போய்விடுமே என்று வீட்டுக்கு வந்து கத்தினேன். "போகட்டும். நீங்க முழுசா வீடு வந்து சேர்ந்தா போதும்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.