மேக்பையும் தபால்காரர் டெஸ்மண்டும்

அன்றைக்கும் டெஸ்மண்ட் அலறிக்கொண்டேதான் மரீட்டா வீட்டுக்குள் பாய்ந்தார். ஒரு கையில் மின்சார பில். இன்னொரு கை தலைக்கு மேல் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. தபால் வண்டி நடுத்தெருவில் குப்புறக் கிடந்தது. யூகலிப்டஸ் மரத்து மேக்பை, அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவை, அடுத்த சுற்றுக்குக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உட்காருங்க, டீ போடறேன்," என்றார் மரீட்டா, கதவைச் சாத்தியபடி.

மட்ஜி ஊரில் வசந்தம் வந்தால் மேக்பை கொத்தத்தான் செய்யும். குஞ்சு பறக்கும்வரை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மரீட்டா குடியிருக்கும் அகேசியா தெருப் பறவை வேறு ரகம். எதிர்வீட்டு ஃபெர்கஸ் வழுக்கைத் தலையோடு நாளெல்லாம் புல்லுக்குத் தண்ணீர் விடுவார், அவரைத் தொடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தொடாது. டெஸ்மண்டைக் கண்டால் மட்டும் ஜென்மப் பகை.

கொத்து வாங்குவது கூடப் பரவாயில்லை, மானம் போவதுதான் தாங்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் டெஸ்மண்ட் மனசில் ஓர் ஆசை முளைத்திருந்தது. சனிக்கிழமை ஊர் விவசாயக் கண்காட்சி, ராத்திரி நடனம். மரீட்டாவை அழைத்துப் போக வேண்டும். கேட்க வேண்டியது ஒரே ஒரு வரி. தலையில் இறகும் தொண்டையில் கீச்சுக் குரலுமாக அதை எப்படிக் கேட்பது?

மரீட்டா உயிரியல் டீச்சராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். டீயை ஊற்றிக்கொண்டே பாடம் நடத்தினார்.

"உங்க மேல தப்பே இல்ல. அட்ரினலின் ஏறிட்டா உடம்பு முதல்ல ஓடும், மூளை பின்னாடி வரும். அந்த அப்பன் பறவைக்கும் இதேதான். கூட்டுல குஞ்சு இருக்கே."

"இதுக்கு என்ன டீச்சர் வழி?"

"உடம்பை நாம ஒண்ணும் பண்ண முடியாது. ஹெல்மெட்டை வேணா மாத்திப் பார்க்கலாம்."

அவர் சொன்னபடி டெஸ்மண்ட் ஹெல்மெட் முழுக்கக் கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டைகளைக் கட்டி, முள்ளம்பன்றி மாதிரி சிலுப்பிக்கொண்டு வந்தார். மேக்பை அசரவில்லை. ஆனால் மூன்றாம் வீட்டு நாய், இப்படி ஒரு ஜந்துவைப் பிறந்ததிலிருந்து பார்க்காததால், கால்சட்டையின் பின்பக்கத்தைக் கவ்விவிட்டது. அன்று டீயோடு ஊசி நூலும் கிடைத்தது.

அடுத்து ஐஸ்கிரீம் டப்பா. பின்பக்கம் இரண்டு பெரிய கண் வரைந்து ஹெல்மெட் மேல் கவிழ்த்துக்கொண்டால், பின்னாலிருந்து கொத்தாது என்றார் மரீட்டா. உண்மைதான், பின்னாலிருந்து கொத்தவில்லை. முன்னாலிருந்து வந்தது. டப்பா சரிந்து கண்ணை மூட, டெஸ்மண்ட் வண்டியோடு மரீட்டாவின் ரோஜாப் பாத்திக்குள் இறங்கினார். முள் எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் அவர் கையை மரீட்டா பிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் 'ஆ, ஊ' என்பதைத் தவிர டெஸ்மண்ட் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

மேக்பை முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும், அதனால் வேறு ஆள் மாதிரி வந்து பாருங்கள் என்பது மரீட்டாவின் மூன்றாவது யோசனை. தபால் நிலைய மேலாளர் கார்மலின் மஞ்சள் மழைக்கோட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்து மாட்டிக்கொண்டு போனார் டெஸ்மண்ட். பறவை ஒரு கணம் யோசித்தது. பிறகு வழக்கம்போல மண்டையில் இறங்கியது. வந்த லாபம், மஞ்சள் கோட்டும் அதன் பகைப் பட்டியலில் சேர்ந்ததுதான்.

அகேசியா தெருவுக்கு மட்டும் தபால் ஏன் தாமதம் என்று பார்க்கக் கார்மல் மறுநாள் நேரில் வந்தார். லேசாகத் தூறல். மஞ்சள் கோட்டு.

நெற்றியில் பிளாஸ்திரியோடு அவர் டெஸ்மண்டைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் அந்தத் தெருவில் ஒழுங்காகத் தபால் போடவில்லை என்றால் திங்களிலிருந்து வேறு ஆள் போவார் என்று சொல்லிவிட்டார். டெஸ்மண்ட் மனசுக்குள் கணக்குப் போட்டார். தெரு போனால் மரீட்டாவும் போனார்.

முகத்தைப் பார்த்துக் கார்மலுக்கே பாவமாகிவிட்டது. "பறவையை மாத்த முடியாது டெஸ், நீதான் மாறணும். சர்ச் ஹால்ல மூச்சுப் பயிற்சி நடக்குது. என் பிரஷரே அதுலதான் இறங்குச்சு. போய்த் தொலை."

போனார். மூச்சை இழுத்ததைவிட மெதுவாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு தானாக இறங்கும், இதயம் இறங்கினால் கை கால் பதறாது, பதறாதவனை எந்தப் பிராணியும் எதிரியாக நினைக்காது என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். இதை ஏன் டீச்சர் சொல்லவில்லை என்று டெஸ்மண்டுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓய்வு பெற்றவர், மறந்திருப்பார்.

பயிற்சி நன்றாகவே வேலை செய்தது. படுத்ததும் தூக்கம் வந்தது. முன்னால் போகிற டிராக்டர் நகராவிட்டாலும் கோபம் வரவில்லை. மூன்றாம் வீட்டு நாய் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. இத்தனை வருஷம் எதற்கு இப்படிப் பறந்தோம் என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை தெருமுனையில் இறங்கி வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தார். மூச்சு உள்ளே. மெதுவாக வெளியே. மேக்பை கிளையில் உட்கார்ந்து பார்த்தது. தலையைச் சாய்த்தது. அப்புறம், இந்த ஆளை எங்கேயும் பார்த்ததில்லை என்பதுபோல இறகைக் கோதப் போய்விட்டது.

டெஸ்மண்ட் தபாலை மரீட்டா வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த ஒரு வரியோடு காத்திருந்தார்.

கதவு திறக்கவில்லை.

அலறல் கேட்டால்தானே திறப்பார். தட்டலாம் என்றால், எதற்கென்று தட்டுவது? காயமில்லை, முள்ளில்லை, கிழிந்த கால்சட்டையும் இல்லை. ஜன்னலில் மரீட்டாவின் முகம் தெரிந்தது. கையாட்டப் போனார். அதற்குள் அந்த முகம் வாடி, திரை விழுந்தது. டெஸ்மண்ட் தூக்கிய கையை இறக்கினார். இத்தனை நாள் கிடைத்தது அடிபட்ட ஆளுக்குக் கிடைக்கிற இரக்கம் மட்டும்தான் போலிருக்கிறது.

வண்டியைத் திருப்பினார். எதிர்வீட்டில் ஃபெர்கஸ் குழாயோடு நின்றிருந்தார். திங்களிலிருந்து இந்தத் தெருவை வேறு ஆளுக்கே கொடுத்துவிடச் சொல்லப் போகிறேன், டீச்சருக்கு நான் வந்தாலும் ஒன்றுதான் வராவிட்டாலும் ஒன்றுதான் என்றார் டெஸ்மண்ட்.

ஃபெர்கஸ் குழாயை மூடினார்.

"ஏம்ப்பா, விவரம் தெரியாமத்தான் பேசறியா? நீ அலறிக்கிட்டு உள்ள ஓடின ஒவ்வொரு தடவையும், டீக்குத் தண்ணி வச்ச கையோட பக்கவாசலுக்கு வந்து அந்தப் பறவைக்குக் கொத்துக்கறி போட்டுப் பழக்கினதே உங்க டீச்சர்தானே."