மேசை நடுவே ஒரு சிவப்புக் கொடி

ஒன்டாரியோ,
அக்டோபர் 2

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய எஃபி அக்காவுக்கு,

தம்பி மர்டோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வெர்னாவும் சுகம். நன்றித் திருநாளுக்குச் சொல்லி வைத்திருக்கும் வான்கோழியும் இன்றுவரை சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

போன வருடம் நடந்ததை நான் கிளறப் போவதில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்த அறுவடைத் திருநாளுக்கு நீ உன் தோட்டத்து இலை, காய், கதிர் எல்லாம் கொண்டுவந்து நம் விருந்து மேசையை அலங்கரிப்பாய். போன வருடம் நான் கடையில் ஒரு பிளாஸ்டிக் பூசணி வாங்கி நடுவில் வைத்தேன். உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது. நீ கூடையைக்கூட இறக்காமல், "இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிச்சா என் பேரு எஃபி இல்ல" என்று போய்விட்டாய். அதற்காக நான் மன்னிப்புக் கேட்பதாக நினைக்காதே. இந்த வருடம் அலங்காரத்தை நானே செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஓக் கொட்டை. மரத்தடியில் ஒரு கூடை பொறுக்கினேன், அணில் ஒன்று மேலே உட்கார்ந்து என் பரம்பரையையே திட்டியது, பொருட்படுத்தாமல் கண்ணாடிக் கிண்ணத்தில் அழகாக நிரப்பி வைத்தேன், மறுநாள் காலை பார்த்தால் கொட்டைக்கு ஒரு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு வெள்ளைப் புழு, எல்லாம் என் மாமியார் பின்னிக் கொடுத்த மேசை விரிப்பில் ஊர்வலம் போகின்றன. வெர்னா போட்ட சத்தம் உன் ஊருக்கே கேட்டிருக்கும். சரி, புழு பூச்சியைச் சூட்டில் கொன்றுவிட்டால் ஆயிற்று என்று, அடுத்துப் பொறுக்கி வந்த பைன் காய்களை அடுப்புக்குள் வைத்தேன். பிசின் உருகி, வீடெல்லாம் புகை, அபாய மணி அலறுகிறது, பக்கத்து வீட்டு லாய்ட் (தீயணைப்புத் தொண்டர், தெரியுமே) கோடாலியோடு உள்ளே வந்துவிட்டார். வந்தவர் அடுப்பைத் திறந்து பார்த்து, "ஏம்ப்பா மர்டோ, வான்கோழி வாங்க வக்கில்லையா, பைன் காயைச் சுடுற?" என்கிறார். அப்புறம் இரண்டு வாரமாக ஊரில் எனக்கு 'பைன் காய் சுட்டவன்' என்றுதான் பேர்.

ஆனாலும் நான் விடவில்லை அக்கா. நேற்று கொல்லை வேலியில் ஒரு கொடி பார்த்தேன். அப்படி ஒரு சிவப்பை நீயே பார்த்திருக்க மாட்டாய். கை நிறைய அறுத்து வந்து, வளைத்து, முறுக்கி, நடுவில் நாலு சோளக்கதிரும் ஒரு சின்னப் பூசணியும் வைத்தேன். மேசை ஜொலிக்கிறது. வெர்னா ஊரில் இல்லை, தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், வந்து பார்த்தால் அசந்து போவாள். ஆகவே உன் உதவி எதுவும் எனக்கு வேண்டியதில்லை. நீ விருந்தாளியாக வா, உட்கார், சாப்பிடு, எதையும் தொடாதே. வராவிட்டாலும் பரவாயில்லை, நாற்காலி என்னவோ போட்டுத்தான் வைப்பேன்.

உன் முழங்கால் வலியும் கோபமும் சீக்கிரம் இறங்கட்டும். பெரியவளாக இருந்து எங்களை ஆசீர்வதி.

உன் தம்பி,
மர்டோ

பி.கு. (அக்டோபர் 4): அண்ணி, நான் வெர்னா எழுதுகிறேன். உங்கள் தம்பியால் பேனா பிடிக்க முடியவில்லை. அந்தச் சிவப்புக் கொடி விஷக்கொடி. காம்புக்கு மூன்று இலை இருந்தால் தொடக்கூடாது என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இரண்டு கையும் முழங்கை வரை வீங்கி, கொப்புளம். மூக்கையும் சொறிந்திருக்கிறார். டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை. கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அள்ளிக் குழிதோண்டிப் புதைத்தேன். இப்போது மேசை வெறுமையாக இருக்கிறது. திங்கட்கிழமை விருந்துக்கு நீங்கள் உங்கள் கூடையோடு சனிக்கிழமையே வந்துவிடுங்கள்.

இன்று காலை மருந்து தடவும்போது, "நான்தான் தப்புப் பண்ணிட்டேன் வெர்னா. அக்கா இல்லாம போன வருஷமும் எனக்குச் சாப்பாடு இறங்கல" என்றார். இதை எழுதாதே என்று கத்துகிறார். அந்தக் கையை வைத்துக்கொண்டு கடிதத்தைப் பிடுங்கவா முடியும்?