கேபிளை அறுத்தவனைத் தேடிய சி.ஐ.டி.

தஞ்சைத் தரணியில் மண்ணுக்கடியில் நிகழும் குற்றம் எதுவாயினும், அதை மண்மேல் நின்றபடியே துலக்கவல்லவர் ஒருவர்தாம் உண்டு. அவர் எங்கள் சி.ஐ.டி. இணையக் கேபிள் பராமரிக்கும் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர். பெற்றோர் இட்ட பெயரை அவரே மறந்திருப்பார்.

கண்ணாடி இழைக் கேபிள் எங்கேனும் அறுந்தால், ஒரு முனையில் கருவியைப் பொருத்தி உள்ளே ஒளியை அனுப்புவோம். அறுந்த இடத்தில் மோதி அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு, கருவி தொலைவைச் சொல்லிவிடும். எங்களுக்கு அது போதும். சி.ஐ.டி.க்குப் போதாது.

"எங்க அறுந்துச்சுன்னு மிஷினு சொல்லும். எவன் அறுத்தான்னு நான்தான்யா சொல்லணும்!"

திருவிடைமருதூரில் ஒருமுறை அந்தத் தொலைவு ஒரு திருமணப் பந்தலுக்குள் போய் முடிந்தது. கம்பம் ஒன்று கேபிளைக் குத்திக்கொண்டு நின்றது. சி.ஐ.டி. உள்ளே பாய்ந்தார்.

"கல்யாணத்த நிறுத்துங்க!"

நாயனம் நின்றது. கம்பத்தை மட்டும் பிடுங்கினால் போதும் என்று அவர் விளக்குவதற்குள் மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப்பேர் வேனில் ஏறிவிட்டனர்.

சென்ற ஆண்டு அடைமழையின்போது மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இணையம் செத்தது. சம்பாவுக்குப் பயிர்க்காப்பீடு பதிய அன்றே கடைசி நாள். மாலைக்குள் பதியாவிட்டால், பயிர் அழுகினாலும் இழப்பீடு கிடையாது. இ-சேவை மையத்தின் வாசலில் சிட்டா அடங்கலோடு ஊரே குடைபிடித்து நின்றது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் அந்தோணிசாமி என்னும் விவசாயி.

"எந்தப் பாவி சார் இந்த வேலையச் செஞ்சது? விடாதீங்க!"

"விடுவேனா? இன்னிக்கே ஸ்டேஷன்ல உக்கார வைக்கிறேன்."

"நானும் வரேன் சார். முதல் அறை என்னோடது!"

கருவிப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு அவரும் புறப்பட்டார். மதகுதோறும் சுருட்டிப் புதைத்த உபரிக் கேபிளின் நீளத்தை, கருவி காட்டிய தொலைவிலிருந்து கழித்துக்கொண்டே, சி.ஐ.டி. வடிகால் கரையோரமாக ஓடினார். ஓரிடத்தில் கரை புதிதாக வெட்டப்பட்டு, வயலில் தேங்கிய நீர் வடிகாலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. வெட்டின் நடுவே அறுந்த கேபிள். அருகே ஒரு மண்வெட்டி!

"மாட்டிக்கிட்டான்!" என்று கூவினார் சி.ஐ.டி.

"இது நம்ம மம்பட்டி மாதிரில்ல இருக்கு..." என்றார் அந்தோணிசாமி.

பெட்டி தலையிலிருந்து மெல்ல இறங்கியது.

"தண்ணி வடியட்டும்னு காலையில வெட்டுனேன் சார். ஏதோ வேர் தடுக்குதுன்னு ஓங்கி ஒரு போடு போட்டுட்டேன்."

சி.ஐ.டி. வயலைப் பார்த்தார். பயிரின் நுனிகள் மட்டுமே நீருக்குமேல் தெரிந்தன. அப்படியே சேற்றில் அமர்ந்தார். நான் குடைபிடிக்க, இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டினார்.

"லைன் வந்துருச்சு. இன்னும் இங்க என்ன நிக்கிறீங்க? ஓடுங்க, சென்டரப் பூட்டிறப் போறாங்க!"

அந்தோணிசாமி ஓடினார். அறுந்த கேபிளை நான் எடுத்தனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, அலுவலகத்திலிருந்து அதிகாரி சி.ஐ.டி.யைத் தொலைபேசியில் அழைத்தார்.

"யாருங்க அறுத்தது?"

"எலி சார்."

"எலியா? போட்டோல வெட்டு கத்தி வச்ச மாதிரி நேரா இருக்கே?"

"டெல்டா எலி சார். நெல்லாத் தின்னு பல்லு கூரா இருக்கு."

அந்தோணிசாமி அன்றைக்கே பதிந்துவிட்டார். இன்று எவர் கேட்டாலும், அந்த எலியைக் கண்ணாரக் கண்டதாகவே நான் சாட்சி சொல்வேன்.